போரால் இடம்பெயர்ந்தோருக்கான பண உதவி: பதிவுச் சீட்டிலிருந்து ஆரம்பிப்போம்

உதவித்தொகை பற்றி விசாரிக்க வருபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “மாதம் எவ்வளவு தருவார்கள்?” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “உங்கள் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?” பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருக்கும் பதிவுச் சீட்டை அப்போதுதான் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கான உதவி மேசை ஒன்றில் சில வருடம் தன்னார்வலராக உட்கார்ந்தவன் நான். நிதி இல்லாமல் நின்றுபோன உதவிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு எழுத்துப் பிழை, ஒரு பிறந்த தேதி, செயலிழந்த ஒரு ஃபோன் நம்பர், இதனால் நின்றுபோனவைதான் என் மேசைக்கு அதிகம் வந்தன. அதனால் இந்தக் கட்டுரையில் பதிவைப் பற்றி நிறையவும் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். சண்டையால் வீட்டை விட்டு வந்தவர்களுக்கும், அவர்களுக்காகப் படிவம் நிரப்பித் தரும் உறவினர்களுக்கும் தொண்டர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இது என்ன பணம்?

ஒரு காலத்தில் நிவாரணம் என்றால் மூட்டை, போர்வை, தார்ப்பாய். மூட்டையைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு மருந்து வாங்கிய குடும்பங்கள் எல்லா முகாமிலும் இருந்தன. கடை திறந்திருக்கிறது, சரக்கும் இருக்கிறது, வாங்கத்தான் காசில்லை என்ற நிலையில் காசையே கொடுப்பது மேல் என்று உதவி நிறுவனங்கள் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டன. 2016-இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில் நன்கொடை நாடுகளும் பெரிய நிறுவனங்களும் பண உதவியை அதிகப்படுத்துவதாகச் சேர்ந்தே உறுதி கொடுத்தன. இன்று ஐ.நா. அகதிகள் முகமை, உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள், சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள், சில இடங்களில் அரசாங்கங்கள் என்று பலரும் பணமாகக் கொடுக்கிறார்கள்.

இது கடன் இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் வட்டியோடு கேட்பார்களோ என்று பயந்து மூன்று மாதப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்த ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

பணத்தில் சில வகைகள் உண்டு. ‘பல்நோக்கு உதவி’ என்றால் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், கணக்குக் காட்ட வேண்டாம். வவுச்சர் என்றால் குறிப்பிட்ட கடைகளில், குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டும். பங்களாதேஷின் காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்யா முகாம்களில் உணவு உதவி ரொக்கமாக வராது. கார்டில் ஏறும், முகாமுக்குள் இருக்கும் ஒப்பந்தக் கடைகளில் மட்டும் செல்லும். இவை தவிர வாடகைக்கென்று, குளிர்காலத்துக்கென்று ஒருமுறை தருவது உண்டு. வேலை செய்தால் கூலியாகத் தருவதும் உண்டு. உங்களுக்கு வருவது எந்த வகை, எத்தனை மாதத்துக்கு என்று முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். ஒருமுறை மட்டும் தரும் பணத்தை மாதச் சம்பளம் மாதிரி நினைத்து வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

முதல் படி: எந்தக் கதவைத் தட்டுவது?

எல்லையைத் தாண்டினீர்களா, இல்லையா? கதவைத் தீர்மானிப்பது இதுதான்.

சொந்த நாட்டுக்குள்ளேயே வேறு ஊருக்கு வந்திருந்தால் நீங்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். பொறுப்பு முதலில் உங்கள் அரசாங்கத்துடையது. பதிவும் பெரும்பாலும் உள்ளாட்சி அலுவலகம் வழியாகத்தான் நடக்கும். உக்ரைனில் 2022-இல் அரசே மாதம் பெரியவர்களுக்கு 2,000 ஹிரிவ்னியா, குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 3,000 என்று கொடுத்தது. ‘தியா’ என்ற அரசு ஆப் வழியாகவும் விண்ணப்பிக்க முடிந்தது. அதே சமயம் ஐ.நா. முகமைகளும் தொண்டு நிறுவனங்களும் தனியாக ஒரு தொகை கொடுத்தன. இரண்டும் வெவ்வேறு பட்டியல். ஒன்றில் ஏறிவிட்டோம் என்று இன்னொன்றை விட்டுவிட்ட குடும்பங்கள் நிறைய.

எல்லை தாண்டியிருந்தால் அகதிப் பதிவு. சில நாடுகளில் அந்த நாட்டு அரசு செய்யும், சில நாடுகளில் ஐ.நா. அகதிகள் முகமை செய்யும், சில இடங்களில் இரண்டும் சேர்ந்து. அக்கம்பக்கத்தில் உங்களுக்கு முன்னால் வந்தவர்களிடம் கேட்பதுதான் வேகமான வழி. ஆனால் இடத்தை மட்டும் அவர்களிடம் கேளுங்கள். தகுதி, தொகை, தேதி இதையெல்லாம் அலுவலகத்தில் கேளுங்கள். வரிசையில் நிற்கும்போது காதில் விழும் தகவலில் பாதி போன வருடத்துடையது.

இன்னொன்று, பதிவு செய்தாலே பணம் வந்துவிடாது. பதிவு என்பது நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று சொல்வது. யாருக்குப் பணம் என்பது அதற்கப்புறம் வேறு ஒரு தேர்வு. ஆனால் பதிவு இல்லாமல் அந்தத் தேர்வுக்கே போக முடியாது.

இரண்டாம் படி: பதிவுக்கு முந்தைய இரவு

வீட்டில் இருக்கும் எல்லாத் தாள்களையும் தரையில் பரப்புங்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, மருத்துவரின் சீட்டு. ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்து, நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஃபோன் தொலைந்தாலும் அந்தப் படம் அங்கே இருக்கும்.

ஒரு தாளும் இல்லையா? பயப்படாதீர்கள். போரில் ஓடி வந்தவர்களிடம் தாள் இருக்காது என்பது பதிவு செய்பவர்களுக்குத் தெரியும். தாள் இல்லை என்பதற்காக மட்டும் அகதிப் பதிவை மறுப்பதில்லை. வாய்மொழியாகக் கேட்டு எழுதுவார்கள். அந்த வாய்மொழியில்தான் சிக்கலே. நீங்கள் சொல்கிறீர்கள், மொழிபெயர்ப்பாளர் காதில் வாங்குகிறார், எழுத்தர் இன்னொரு லிபியில் தட்டுகிறார். மூன்று கை மாறுவதற்குள் பெயர் மூன்று விதமாகிவிடும். அரபு எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும் முகமது ஆங்கில எழுத்துக்கு மாறும்போது நாலைந்து விதமாக ஆகும். உக்ரைன்காரர் ஒருவர் ஒரு தாளில் செர்ஹீ, பழைய தாள் ஒன்றில் ரஷ்ய உச்சரிப்பில் செர்கேய். ஆள் ஒன்றுதான், கணினிக்கு இரண்டு பேர்.

அதனால் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளபடியே. மேசையில் வாயால் சொல்லாமல் அந்தத் தாளை நீட்டுங்கள். வங்கியோ, ஃபோன் நிறுவனமோ பின்னால் உங்கள் பெயரைச் சரிபார்க்கும்போது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

பிறந்த தேதியும் அப்படித்தான். அகதிப் பட்டியல்களைப் பார்த்தால் ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். தேதி தெரியாது என்றால் வருடத்தை மட்டும் கேட்டு ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். உங்களுக்கு உண்மையான தேதி தெரிந்திருந்தால் அதையே சொல்லுங்கள். ஜனவரி 1 போட்டுவிட்டார்களா, சரி, அப்போது அந்தத் தேதியை மனப்பாடம் செய்யுங்கள். உதவி எண்ணுக்கு அழைத்தால் முதலில் கேட்பது அதைத்தான். நீங்கள் நிஜத் தேதியைச் சொல்ல, அந்தப் பக்கம் “பொருந்தவில்லை” என்பார்கள்.

மூன்றாம் படி: பதிவு நாள்

குடும்பம் முழுவதும் போக வேண்டும், கைக்குழந்தை உட்பட. படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால் அதைச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து பதிவு செய்யும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஒவ்வொருவரையும் படம் பிடிப்பார்கள். கைரேகை எடுப்பார்கள், சில இடங்களில் கருவிழியையும். ஐ.நா. அகதிகள் முகமை பொதுவாக ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் இதைச் செய்கிறது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிவாகாமல் இருக்கத்தான் இது. ஆகவே கூடுதலாகக் கிடைக்கும் என்று இன்னொரு ஊரில் இன்னொரு பெயரில் பதிவு செய்யும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இயந்திரம் பிடித்துவிடும், இரண்டு பதிவும் முடங்கும்.

கைரேகையில் ஒரு விஷயம். செங்கல், சிமெண்ட், விவசாயம் என்று கையால் உழைத்தவர்களின் ரேகை தேய்ந்திருக்கும். ஒரு கட்டடத் தொழிலாளி என் மேசைக்குப் பக்கத்து இயந்திரத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. கடைசியில் ஒரு ஈரத்துணியால் விரலைத் துடைத்து, கொஞ்சம் எண்ணெய்ப் பசை தடவி, நன்றாக அழுத்தி வைத்ததும் இடது மோதிர விரலில் பச்சை எரிந்தது. அந்த விரல்தான் உங்கள் விரல் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். ரேகை விழவே இல்லை என்றால் “விழவில்லை” என்று பதிவில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் பணம் எடுக்கும் நாளில் மறுபடி அதே சிவப்பு விளக்கு.

குடும்ப எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும் திட்டங்களில் இருக்கும் ஆளைச் சொல்லாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்கு. பிரிந்து வந்த பிள்ளையை வளர்க்கிறீர்கள் என்றால் சொந்தப் பிள்ளை என்று சொல்லாதீர்கள். யார் பிள்ளை, பெற்றோர் எங்கே கடைசியாக இருந்தார்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அவர்கள் தேடிக்கொண்டிருந்தால் இந்தப் பதிவு வழியாகத்தான் கண்டுபிடிக்க முடியும்.

யாருடைய பெயரில் பணம் வர வேண்டும் என்று கேட்பார்கள். குடும்பத் தலைவர் என்று கணவர் பெயரையே போட வேண்டிய கட்டாயம் பல திட்டங்களில் இல்லை. வீட்டில் செலவு செய்வது மனைவி என்றால், அல்லது கணவர் கையில் போனால் வீடு வந்து சேராது என்றால், தனியாக ஒரு நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பெண் ஊழியரிடம் பேச வேண்டும் என்றும் கேட்கலாம்.

உங்கள் விவரங்கள் எங்கே போகும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. இது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. பங்களாதேஷில் ஐ.நா. அகதிகள் முகமை சேகரித்த ரோஹிங்யாக்களின் விவரங்கள், அவர்கள் எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தார்களோ அந்த மியான்மருக்கே பங்களாதேஷ் அரசு வழியாகப் போயின என்று 2021-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டது. பலருக்குத் தாங்கள் எதற்குச் சம்மதித்தோம் என்றே தெரியவில்லை. “இந்த விவரத்தை யாரோடு பகிர்வீர்கள்? மறுத்தால் உதவி நிற்குமா?” இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சீட்டு தருவார்கள். அந்த இடத்தை விட்டு நகராமல் அதைப் படியுங்கள். பெயர், தேதி, ஆள் எண்ணிக்கை, ஃபோன் நம்பர். அந்த நிமிடத்தில் திருத்த ஒரு சொல் போதும். மறுநாள் வந்தால் விண்ணப்பம், அடுத்த மாதம் என்றால் மறு விசாரணை.

நான்காம் படி: யாருக்கு என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

எல்லாருக்கும் கொடுக்க எந்தத் திட்டத்திலும் போதுமான பணம் இருப்பதில்லை. கஷ்டப்படுகிறீர்களா என்று பொதுவாகக் கேட்டு முடிவு செய்ய மாட்டார்கள், கணக்கு வைத்திருப்பார்கள். சிரியாவிலிருந்து வந்தவர்களுக்காகத் துருக்கியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2016 கடைசியில் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். தனியாக இருக்கும் பெண், துணையில்லாத முதியவர், ஒற்றைப் பெற்றோர், நான்கு அல்லது அதற்கு மேல் குழந்தைகள் உள்ள குடும்பம், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம், உழைக்கும் வயதினர் ஒருவருக்கு ஒன்றரைப் பேருக்கு மேல் சார்ந்திருக்கும் குடும்பம் என்று அளவுகோல்கள் இருந்தன. மாற்றுத்திறன் என்றால் அரசு மருத்துவமனை 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று தர வேண்டும். முகவரிப் பதிவும் கட்டாயம். அங்கேதான் ரொம்பப் பேர் விழுந்தார்கள். வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தர மறுத்தால் முகவரி இல்லை, முகவரி இல்லையென்றால் கார்டு இல்லை. அப்படியும் 15 லட்சம் பேருக்கு மேல் அந்தத் திட்டத்தில் இருந்தார்கள்.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? அளவுகோல் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கான தாளைத் தயார் செய்ய வேண்டும். நேர்காணலில், அல்லது வீட்டுக்கு வந்து பார்க்கும்போது, கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லுங்கள். மிகைப்படுத்துவதைவிட மறைப்பதுதான் நம்மவர்களின் வழக்கமான தப்பு. ஊரில் கௌரவமாக வாழ்ந்தவர்கள் கடன் இருப்பதைச் சொல்லக் கூசுவார்கள், பிள்ளைக்கு வலிப்பு இருப்பதைச் சொல்ல மாட்டார்கள், நேற்றிரவு சாப்பிட்டதைக் கேட்டால் நன்றாகவே சாப்பிட்டோம் என்பார்கள். எதிரில் இருப்பவர் அதை அப்படியே தட்டச்சு செய்துவிடுவார். வந்தவருக்கு மரியாதைக்காகச் சொன்ன பதில் புள்ளிக் கணக்கில் ஏறிவிடும்.

நிராகரித்தால் காரணத்தைக் கேளுங்கள், மேல்முறையீடு எப்படி என்று கேளுங்கள். கெடு இருக்கும். கோபப்பட்டு வந்துவிட்டால் கெடு ஓடிவிடும்.

ஐந்தாம் படி: பணம் கைக்கு வரும் வழி

இடத்துக்கு இடம் மாறும். வங்கிக் கணக்கு, ஏடிஎம் கார்டு, ஃபோன் பணம் (ஃபோன் நம்பரோடு சேர்ந்த பணப்பையில் ஏறுவது), பணம் அனுப்பும் கடை, வங்கியே இல்லாத ஊரில் உறையில் ரொக்கம். சோமாலியா, சிரியா, ஆப்கானிஸ்தான் மாதிரி இடங்களில் ஹவாலா முகவர்கள் வழியாகவும் உதவிப் பணம் போயிருக்கிறது. நம் பக்கம் உண்டியல் என்று சொல்வோமே, அதே ஏற்பாடுதான். ஜோர்டானில் அகதிகள் ஏடிஎம்மில் கார்டே இல்லாமல் கருவிழியைக் காட்டிப் பணம் எடுத்தார்கள். அங்குள்ள சாத்தாரி அகதி முகாமின் சூப்பர் மார்க்கெட்டிலும் 2016 முதல் அதே முறை. கென்யாவின் ககுமா முகாமில் 2015 முதல் உணவு உதவியின் ஒரு பகுதி ஃபோனுக்கே வந்தது.

கார்டு என்றால் ரகசிய எண். மூன்று தடவை தப்பாக அடித்தால் முடங்கும், சில இயந்திரங்கள் கார்டையே விழுங்கிவிடும். முதல் தடவை எடுக்கப் போகும்போது கூட்டமில்லாத நேரமாக, வங்கி திறந்திருக்கும்போது போங்கள், கார்டு மாட்டினால் உள்ளே போய்க் கேட்கலாம். ரகசிய எண்ணைத் தாளில் எழுதி அந்தத் தாளாலேயே கார்டைச் சுற்றி ரப்பர் போட்டு வைப்பதை நூறு முறையாவது பார்த்திருப்பேன். எண்ணை நினைவில் வைக்க முடியாத வயதானவர் என்றால், குடும்பத்தில் ஒருவரை மாற்று நபராக அதிகாரபூர்வமாகப் பதிவு செய்ய வழியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏடிஎம் வாசலில் நின்று உதவுகிறேன் என்று வருபவரிடம் கொடுக்காதீர்கள்.

ஃபோன் பணம் என்றால் சிம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வந்த புதிதில் யாரோ தன் அடையாள அட்டையைக் காட்டி ஒரு சிம் வாங்கித் தந்திருப்பார், நன்றியோடு அதையே பதிவில் கொடுத்திருப்பீர்கள். சட்டப்படி அந்தப் பணப்பை அவருடையது. முடிந்தவரை சீக்கிரம் உங்கள் பெயரில் ஒன்று வாங்கி, நம்பரை அலுவலகத்தில் மாற்றுங்கள்.

குறுஞ்செய்தி வந்துவிட்டது, ஆனால் நோட்டு இல்லை என்ற நிலையும் உண்டு. காஸாவில் வங்கிகளும் ஏடிஎம்களும் அழிந்தபின், மின்பணப்பையில் வந்த தொகையை நோட்டாக மாற்ற இடைத்தரகர்கள் பெரும் கழிவு பிடித்தார்கள். ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அங்கே மின்பணத்தை நேரடியாக வாங்கிக்கொள்ளும் கடைகளைத் தேடிப் போவதே மிச்சம். சூடானிலும் 2023 ஏப்ரலில் போர் வெடித்தபின் நோட்டுத் தட்டுப்பாடு; ‘பங்காக்’ என்ற வங்கி ஆப்தான் மக்களின் மணிப்பர்ஸ் ஆனது. ஆனால் இணையம் வந்தால்தானே ஆப். உங்கள் இடத்திலும் இப்படியென்றால் எல்லாப் பணத்தையும் ஒரே நாளில் நோட்டாக மாற்ற முட்டி மோதாமல், நேரடியாகச் செலுத்தக்கூடியதை ஆப்பிலேயே செலுத்திவிட்டு மீதியை மட்டும் மாற்றுங்கள்.

வந்த பணத்தை எடுக்காமல் விட்டாலும் ஆபத்து. பல திட்டங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுக்காவிட்டால், ஆள் இல்லை போலிருக்கிறது என்று பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலம் எவ்வளவு என்று கார்டு வாங்கும்போதே கேளுங்கள்.

எவ்வளவு வரும்?

குடும்பம் ஒன்று அந்த ஊரில் மாதம் பிழைக்க அத்தியாவசியமாக என்ன வேண்டும் என்று ஒரு கூடை கணக்குப் போடுவார்கள். உணவு, வாடகை, சோப்பு, எரிபொருள், மருந்து, பயணம். அதில் குடும்பம் தானே சமாளிக்கக்கூடியதைக் கழித்து, கையிலிருக்கும் நிதியையும் பார்த்து, ஒரு தொகை வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறாமல் இருக்க எல்லாரும் கூடிப் பேசி ஒரே தொகை வைப்பதும் உண்டு. உக்ரைனில் 2022-இல் அப்படி வைத்த தொகை தலைக்கு மாதம் 2,220 ஹிரிவ்னியா, மூன்று மாதத்துக்கு. துருக்கியில் 2017-இல் தலைக்கு மாதம் 120 லிரா. முழுச் செலவுக்கும் இது போதாது. போதும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

குறையவும் செய்யும். காக்ஸ் பஜாரில் தலைக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி 2023 மார்ச்சில் 10 ஆனது, ஜூனில் 8 ஆனது. அங்கே யாரும் தப்பு செய்யவில்லை, நன்கொடை வரவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்தப் பணத்தை நம்பி நீண்ட காலக் கடன் வாங்காதீர்கள்.

முதல் தொகை வந்ததும் எதற்குச் செலவழிக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அறிவுரை சொல்வதில்லை. அது அவர்கள் பணம். ஒன்றை மட்டும் சொல்வேன்: ஊரை விட்டு வரும் வழியில் வாங்கிய கைமாற்றை முதல் மாதமே மொத்தமாக அடைத்துவிட்டு அரிசிக்கு மறுபடி கைமாற்று வாங்காதீர்கள். கடன்காரரிடம் பேசி, தவணையாகக் கொடுங்கள்.

காசு கேட்பவர்கள், வேறு ஏதாவது கேட்பவர்கள்

பதிவு இலவசம். படிவம் இலவசம். கார்டு இலவசம். பட்டியலில் பெயரை மேலே ஏற்றுகிறேன், அதிகாரியைத் தெரியும் என்று யாராவது காசு கேட்டால் அவர் ஏமாற்றுகிறார். நிஜமாகவே அலுவலக அட்டை மாட்டியிருந்தாலும் சரி. ஃபோனுக்கு வரும் இணைப்புகளிலும் கவனம். உதவி நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டு, பெயர், வங்கி விவரம், ஓடிபி கேட்கும் போலிப் படிவங்கள் ஒவ்வொரு போரின்போதும் கிளம்புகின்றன. உண்மையான அலுவலகம் உங்கள் ரகசிய எண்ணையோ ஓடிபியையோ கேட்காது.

உதவிக்குப் பதிலாக உடலைக் கேட்பது குற்றம். ஐ.நா. பொதுச் செயலாளர் 2003-இல் வெளியிட்ட விதி இதைத் தெளிவாகத் தடை செய்கிறது. ஐ.நா. ஊழியர் மட்டுமல்ல, ஐ.நா.வோடு ஒப்பந்தம் வைத்து வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். சம்மதத்தோடுதான் நடந்தது என்பதெல்லாம் அங்கே செல்லாது. உதவி வாங்கும் ஒரு பெண் இதைப் புகார் செய்தால் உதவி நின்றுவிடுமோ என்று பயப்படுவாள். புகார் செய்ததற்காக உதவியை நிறுத்தக் கூடாது. அவளோடு கூட ஒருவர் போய்ப் பேசுவது பெரிய துணை. தொண்டராக இருப்பவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

பணம் வரவில்லை என்றால்

முதலில் தேதியைப் பாருங்கள். பத்துப் பேரில் நாலு பேருக்கு, இன்னும் நாள் ஆகவில்லை என்பதே பதிலாக இருக்கும். பக்கத்து வீட்டாருக்கு நேற்றே வந்துவிட்டது என்பது கணக்கில் சேராது, பட்டியலைப் பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்புவார்கள்.

நாளும் கடந்துவிட்டதா? அப்போது உதவி எண்ணுக்கு அழையுங்கள். பதிவு எண், பிறந்த தேதி, ஃபோன் நம்பர் மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு அழையுங்கள். “எனக்குப் பணம் வரவில்லை” என்று சொன்னால் “பார்க்கிறோம்” என்றுதான் சொல்வார்கள். கேள்வியை இப்படி மாற்றுங்கள்: “என் பெயர் இந்த மாதப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் பணம் அனுப்பியாயிற்றா? அனுப்பினால் எந்த நம்பருக்கு, எந்தக் கணக்குக்கு? திரும்பி வந்ததா?” நாலு கேள்வி. எங்கே மாட்டியிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் தடவை அழைக்கும்போது கதையை முதலிலிருந்து சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லலாம். பேசுபவரின் குரலே மாறும்.

வீட்டில் ஏதாவது மாறினால்

குழந்தை பிறந்தால், யாராவது இறந்தால், திருமணமாகித் தனிக்குடும்பமானால், காணாமல் போனவர் வந்து சேர்ந்தால் உடனே பதிவில் ஏற்றுங்கள். இறந்தவர் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பங்கு கூடுதலாக வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம், அடுத்த சரிபார்ப்பில் ஆளைக் கொண்டுவாருங்கள் என்பார்கள். வேறு ஊருக்கு மாறுவதென்றால் கிளம்பும் முன் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பல இடங்களில் பதிவை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அங்கே போய்ப் புதிதாகப் பதிவு செய்தால் கைரேகை பழைய பதிவைக் காட்டிக்கொடுத்து எல்லாம் நின்றுவிடும்.

பழைய சிம்மை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு அம்மா, மூன்று பிள்ளைகள், ஊர் மாறி வந்தவர். ஐந்து மாதமாக ஒன்றும் வரவில்லை என்று வந்தார். உதவி எண்ணில் அந்த நாலு கேள்வியையும் கேட்டோம். பட்டியலில் இருக்கிறார், பணம் அனுப்பியாயிற்று, பழைய நம்பருக்கு, யாரும் எடுக்கவில்லை. சிம் எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் சின்னவனின் பள்ளிப் பையை வாங்கி, ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து, ரப்பருக்கும் காம்பஸுக்கும் நடுவிலிருந்து அதை எடுத்தார். ஃபோனில் போட்டதும் வரிசையாகச் செய்திகள் வர ஆரம்பித்தன. முதல் இரண்டு மாதத் தொகை காலாவதியாகித் திரும்பிப் போயிருந்தது. மீதி மூன்று மாதத்தை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார். திரும்பிப் போனதற்கு ஒரு புகார் எண் வாங்கினோம்.